பிரியும்வரை முடியாத விற்பனை

எங்கள் சினை மாட்டை விற்றவர் என்னைப் பெற்ற அத்தா. வாங்கியவர் வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருந்த ஒரு சௌராஷ்டிரக்காரர். அந்த விற்பனையை முடியவிடாமல் தடுக்கும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். யுத்த காலம், பெட்ரோல் கிடைக்காமல் மதுரையில் பஸ்கள் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தன.

அம்மா மவுத்தாகி, அடக்கம் செய்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அத்தா கடையை அடைத்த பிறகும் பள்ளிவாசலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, நான் தூங்கிய பிறகுதான் வருவார். பக்கத்து வீட்டு மாமி சோறு போடுவாள். பேச்சுக் கொடுக்க அவளுக்கு நேரம் இல்லை. அதனால் நான் பேசியதெல்லாம் மாட்டிடம்தான். அம்மா பால் கறக்க வரும் சாயங்கால அசர் தொழுகை நேரத்துக்கு அது கொட்டிலில் நின்று கத்தும். பால் வற்றிய பிறகும் அந்த நேரத்தை அது மறக்கவில்லை. அம்மாவைத் தேடுகிற இன்னொரு ஜீவன் வீட்டில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

விற்கிற அன்று அத்தா மாட்டைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. குறையை மறைத்து விற்பது ஹராம் என்பதில் அவர் ரொம்பக் கறார். "ஒதைக்கும் அண்ணே. எம் வீட்டுக்காரி கைக்கு மட்டுந்தான் நிக்கும். வேற யாரு காம்புல கை வச்சாலும் ஒதைதான்" என்று, எந்தக் கால் என்பது வரைக்கும் தொட்டுக் காட்டினார். வாங்க வந்தவரை விரட்டிவிடுவார் போல இருந்தது. எனக்கு அத்தாமேல் அளவுகடந்த பாசம் வந்தது.

சாயப்பட்டறைக்காரர் அசரவில்லை. "எங்க வீட்டம்மா என்னையே பழக்கி வச்சிருக்கா பாய், மாட்டையா பழக்க மாட்டா?" என்று பணத்தை நீட்டிவிட்டார்.

அத்தாவுக்கு எந்த வியாபாரத்தையும் வாயால் சொல்லியாக வேண்டும். "வித்தேன்" என்று இவர் சொல்லி, "வாங்கிக்கிட்டேன்" என்று அவரையும் சொல்ல வைத்தார். அதற்குப் பிறகு அத்தா சொன்னதுதான் என் காதில் ஏறியது.

"எங்க ஷாபி மத்ஹபுல, அதான் நாங்க நடக்குற மார்க்கச் சட்டத்துல, ஒரு முறை இருக்கு அண்ணே. நாம ரெண்டு பேரும் பிரியுற வரைக்கும் வியாபாரம் உறுதியில்ல. ஒங்களுக்கு மனசு மாறினாலும் சரி, எனக்கு மாறினாலும் சரி, திருப்பிக்கிடலாம். சேந்து நடந்து போனாக்கூடப் பிரிஞ்ச கணக்கு இல்ல."

எங்கள் தெருவில் மற்ற எல்லாரும் ஹனபி மத்ஹபுக்காரர்கள். அவர்களுக்குப் பேச்சு முடிந்தால் வியாபாரமும் முடிந்தது. ஷாபியாகப் பிறந்ததற்காக நான் சந்தோஷப்பட்ட முதல் நாள் அதுதான்.

உடனே வேலையில் இறங்கினேன். வாசலில் கிடந்த அவருடைய செருப்பில் ஒன்றை எடுத்து வைக்கோலுக்குள் செருகினேன். கிளம்ப எழுந்தவர் செருப்பைக் காணாமல் பதறுவார் என்று பார்த்தால், மறுபடி உட்கார்ந்து வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார். "கெடைக்கும்போது கெடைக்கட்டும் பாய்" என்று சொல்லி என்னை ஒரு பார்வை பார்த்தார். கடைசியில் அத்தாதான் வைக்கோலைக் கிளறி எடுத்துக் கொடுத்தார். இவருக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வேற்று ஆள் பிடித்தால் மாடு தெருவைத் தாண்டாது. அதனால் கயிற்றை அத்தாவே பிடித்துக்கொண்டார். சாயப்பட்டறைக்காரர் கூட நடந்தார். நான் பின்னால் ஓடினேன். கீழவாசல் தாண்டியதும் அத்தா கயிற்றை நீட்டி விடைபெறப் பார்த்தார். அவர் வாங்கவில்லை. "இன்னுங் கொஞ்சம் வாங்க பாய், பேசிக்கிட்டே போவோம்" என்றார். ஆனால் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முக்கிலும் அதே கதைதான். மாட்டையும் பறித்துக்கொண்டு அத்தாவையும் கால் கடுக்க இழுத்தடிக்கிறாரே இந்த மனுஷன் என்று மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன். இன்னும் பிரியவில்லை என்பதில் ரகசியமாகச் சந்தோஷமும் பட்டேன்.

தெப்பக்குளம் வந்துவிட்டது. குளத்துச் சுவரோரம் நின்றோம். வெயில் இறங்கியிருந்தது.

"என்ன பாய், அப்பப் பிரிஞ்சிருவமா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து மாடு கத்தியது. அத்தாவின் முகம் சுருங்கிப் போயிற்று. "மஃரிபு தொழுகைக்கு நேரமாச்சு அண்ணே, வாரேன்" என்று கயிற்றை அவர் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தார். நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மனசு மாறலாம்னு சொன்னீங்களே அத்தா, ஏன் மாறல?"

"நான் மாறட்டும்னுதான் தாயி, அவரு இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்தாரு" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "சாயந்தரமானா அது ஒங்கம்மாவக் கூப்புடுது. அதக் கேட்டுக்கிட்டு என்னால வீட்டுல இருக்க முடியல" என்றார்.

எனக்கோ அந்தக் குரல் கேட்டால்தான் வீட்டில் இருக்க முடியும். அத்தாவுக்கு அம்மாமேல் பிரியமே இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டு, அவருக்குப் பத்தடி பின்னாலேயே நடந்து வந்தேன்.

மறுநாள் அசர் நேரத்தில் கொட்டிலில் சத்தமே இல்லை. அங்கே போய் உட்கார்ந்து, உலகத்தில் எனக்கு யாருமே இல்லை என்று அழுதேன். விளக்கு வைப்பதற்கு முன்பே கதவு திறந்தது, அத்தா வந்திருந்தார். அடுப்பைப் பற்றவைத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு கஞ்சி காய்ச்சி, "சாப்புட வா தாயி" என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் சீக்கிரமே வந்தார், கூப்பிட்டார். மாடு போய்விட்டது என்பது மட்டும்தான் எனக்கு அப்போது தெரிந்தது. அத்தா வீட்டுக்குத் திரும்பிவிட்டார் என்பது தெரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.