ரொட்டியைத் தட்டிப் பார்ப்பவர்

என் அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா, லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். போனவர் அதை ஓடவிட்டுவிட்டு நேரே வீடு திரும்ப வேண்டியதுதானே? மாட்டார். அந்தப் பக்கத்தில் எந்த பேக்கரியில் நல்ல ரொட்டி போடுகிறார்கள் என்று வாட்ச்மேனைக் குடைந்தெடுத்து, தேடிக் கண்டுபிடித்து, கையில் ஒரு பொட்டலத்தோடுதான் வருவார். 'ரொட்டி இன்ஸ்பெக்டர்' என்று நாங்கள் வைத்த பெயர் அவருக்குக் கேலியாகவே படவில்லை. பதவி உயர்வு என்று நினைத்துவிட்டார்.

மெஷினில் பிசைந்து பையில் அடைத்து வருவதை அவர் ரொட்டிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மாவு ராத்திரி முழுக்கத் தானாகப் புளித்திருக்க வேண்டும், மேல்தோல் முறுகியிருக்க வேண்டும். கடையில் ரொட்டியைக் கவிழ்த்து, அடியில் விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்பார்; உள்ளே நன்றாக வெந்திருந்தால் 'டொக் டொக்'கென்று கேட்குமாம். பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும். பிறகு ஒரு துண்டு பிய்த்து, முகர்ந்து, கண்ணை மூடி மெல்லுவார். அவர் கண் திறக்கும்வரை கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஊரெல்லாம் அலசி அவர் கடைசியில் பிடித்தது, மருந்துக்கடை சந்துக்குள் ஒரு அம்மா நடத்தும் சின்ன பேக்கரி. ஞாயிற்றுக்கிழமை அடுப்பிலிருந்து இறங்கும் முதல் ரொட்டி மாமாவுக்குத்தான். விடிவதற்கு முன்பிருந்தே மாவோடு கிடப்பதால் அந்த அம்மாவுக்கு ரொட்டியைப் பார்த்தாலே சலிப்பு, வாயில் வைக்கமாட்டார். மாமா தலையாட்டினால் மற்றவை அலமாரிக்குப் போகும்.

அந்த ஞாயிறும் தட்டினார், மென்றார். "இதுவரைக்கும் போட்டதுலயே இதுதாம்மா டாப்பு!" என்றார். அந்த அம்மா பூரித்துப்போனார்.

சந்து திரும்பியதும் நான் பொட்டலத்திலிருந்து கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டேன். பஞ்சை மென்றது போலிருந்தது.

"மாமா, இதுல உப்பே இல்ல."

"சும்மா இரு மச்சான். உனக்கு என்ன தெரியும்?"

"உப்பு இல்லன்னு சொல்றதுக்குப் படிச்சிட்டா வரணும்?"

மாமா நடுத்தெருவில் நின்றுவிட்டார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"காய்ச்சல் வந்துச்சுல்ல, அப்பலேருந்து வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. எதைத் தின்னாலும் காகிதத்த மெல்லுற மாதிரி இருக்கு. தானா வந்துடும்னாரு டாக்டர். வரல. ஞாயித்துக்கிழமை இதுவும் இல்லன்னா எனக்கு என்ன இருக்கு, சொல்லு. அதான் காதை வச்சே ஓட்டிக்கிட்டிருந்தேன்."

அவரைக் கிண்டல் செய்ய இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஆனால் எனக்கு மனசு வரவில்லை. "விடுங்க மாமா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன்.

அவர் கேட்கவில்லை. திரும்பி விறுவிறுவென்று கடைக்கே நடந்தார். வரிசையில் நின்றவர்கள் முன்னால், "அம்மா, விக்காதீங்க. உப்பு விட்டுப்போச்சு. எனக்கு நாக்கு செத்துப்போய் ரொம்ப நாளாச்சு, சொல்லாம ஏமாத்திட்டேன்" என்று போட்டு உடைத்துவிட்டார்.

அந்த அம்மா ஒரு துண்டைத் தின்று பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "உப்பை மறந்தது நான்தானே சார், நீங்க ஏன் தலைகுனியிறீங்க?" என்றார். மாமா அதற்குள் படியிறங்கிவிட்டார்.

அக்காவிடம் மூச்சு விடாதே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நானாவது, சொல்லாமல் இருப்பதாவது!

அடுத்த ஞாயிறு, வேலை இல்லாதவர்போல் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தார். இத்தனை வருஷமாக அவருடைய ரொட்டி மோகத்தைப் பைத்தியம் என்று திட்டிய அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கத்தினாள்.

"கிளம்புங்க! உங்க காது, என் நாக்கு. ரெண்டும் சேர்ந்தா ஒரு இன்ஸ்பெக்டர் தேறமாட்டாரா?"

கடையில் மாமா தயங்கித் தயங்கித் தட்டினார். அக்கா மென்றாள்.

"உப்பு?"

"சரியா இருக்கு."

"புளிப்பு?"

"இருக்கு."

"எவ்வளவு இருக்கு? ஒழுங்கா சொல்லு."

அக்கா யோசித்தாள். "காலைல எழுப்புனப்போ உங்க மூஞ்சி இருந்துச்சே, அதைவிடக் கொஞ்சம் கம்மி."

மாமா தானும் ஒரு துண்டை வாயில் போட்டு, அவள் முகத்தையே பார்த்தபடி நிதானமாக மென்றார்.

"அப்போ நல்லாத்தான் இருக்கு" என்றார்.