ரேகை அழிந்த கை

மலர்க்கொடி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடலாம். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் பிள்ளைகளுக்கு, மூன்றரை மணிக்கே பூட்டுப் போட்ட பால்வாடி ஆறு மணி வரை திறந்திருக்கும்படி ஆயிற்று. சாயங்காலம் ஒரு கை சுண்டல் கிடைத்தது. கூடுதலாக ஓர் ஆயா வந்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், எந்தக் கட்சிக் கொடியையும் பிடிக்காதவள் வாங்கிக் கொடுத்தவை இவை. அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. அதே காலத்தில் வாங்கியவை பொன்னாடைகளும் ஒரு வெள்ளைக் காரும்.

முந்திரி ஓட்டில் ஓர் எண்ணெய் உண்டு. பட்டால் தோல் வெந்துவிடும். உடைக்கிறவர்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். பிள்ளையின் வாய்க்கு யார் பூசுவது? பால்வாடி பூட்டியதும், அம்மா உடைக்கும் கொட்டகைக்கு வந்த மலர்க்கொடியின் மூன்று வயது மகன் அன்புமணி ஓர் ஓட்டைக் கடித்துவிட்டான். உதடு கொப்பளித்து, ஒரு வாரம் பால்கூட இறங்கவில்லை.

அக்கா ரத்தினம்மாள் எட்டாவது படித்தவள். ஓரம் விட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் மனு எழுதினாள். கொட்டகைப் பெண்கள் எல்லாரும் கீழே கைநாட்டு வைத்தார்கள். அக்காவும் தங்கையும் கடலூரில் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனார்கள். எம்.எல்.ஏ. இல்லை. அவருடைய உதவியாளர் தட்சிணாமூர்த்தி காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல ரேகையே இல்லியே. உருளைக்கெழங்க அறுத்து ஒத்துனாப்புல இருக்குது."

"கொட்ட ஒடைக்கிற கை சார். அந்த எண்ண ரேகையத் தின்னுடுது" என்றாள் ரத்தினம்மாள்.

"அப்ப செல்லாது. யாரு வச்சதுன்னு அண்ணனுக்கு எப்புடித் தெரியும்? கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வா."

தேர்தலன்று மை வைத்த விரலில் ரேகை இருக்கிறதா என்று இவர்கள் ஆட்களில் எவனும் குனிந்து பார்த்ததில்லை.

பஸ்ஸில் ரத்தினம்மாள், "எல்லார் பேரையும் நானே போட்டுடுறேன்டி" என்றாள்.

"வேணாங்க்கா. நீ போட்டா அது உங் கையெழுத்து. உருளைக்கெழங்குன்னான் பாரு, அவன் மூஞ்சிக்கு நேரா நானே போடுறேன்."

ரேஷன் கார்டில் இருந்த தன் பெயரைப் பார்த்துப் பார்த்துக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதினாள். மற்ற எழுத்துகள் படிந்துவிட்டன; 'கொ' மட்டும் சண்டித்தனம் பண்ணியது.

"ஒரு எழுத்துக்கு எதுக்குடி முன்னால ஒரு கொம்பு, பின்னால ஒரு காலு?" என்று அலுத்துக்கொண்டாள்.

பக்கத்தில் உடைத்துக்கொண்டிருந்த இருசம்மாள் சொன்னாள்: "எம்மெல்லே போவச்சொல்ல முன்னால ஒரு காரு, பின்னால ஒரு காரு போவுதில்ல? அதுமாரிதான். நடுவுல இருக்கறதுக்கு ஒண்ணும் தெரியாது."

கொட்டகையே சிரித்தது. அதன்பிறகு 'கொ' தப்பவில்லை.

அடுத்த முறை எம்.எல்.ஏ. நாற்காலியில் இருந்தார். பெஞ்சு நிறைய ஆட்கள். மலர்க்கொடி அதே கைநாட்டு மனுவை மேசையில் விரித்து, தட்சிணாமூர்த்தியின் பேனாவையே கேட்டு வாங்கி, அவசரப்படாமல் பெயரை எழுதினாள். புள்ளி ஒன்றுகூட விடுபடவில்லை.

"பரவால்லியே" என்றார் எம்.எல்.ஏ. "ஆனா பால்வாடி நேரமெல்லாம் அரசாங்கக் கொள்கைம்மா. என் கையில இல்ல."

"கொள்கைய எங்க சார் போடுறாங்க?"

"சட்டசபையிலதான்."

"அங்க யாரு சார் குந்தியிருக்கறது?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். எம்.எல்.ஏ. அவசரமாகப் 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிக் கீழே ஒரு கிறுக்குக் கிறுக்கினார். மலர்க்கொடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னா சார், கோழி கெளறுனாப்புல? உங்க பேரு எங்க? எங்க ரேகதான் எண்ணயில அழிஞ்சிது. உங்க பேரு எதுல அழிஞ்சிது?"

இப்போது பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவர் முழுப்பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதினார். சபையில் கேட்கிறேன் என்று அத்தனை பேர் முன்னிலையில் சொன்னார். அடுத்த கூட்டத்தொடரில் எழுந்து கேட்கவும் செய்தார். அக்கறை வந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அன்று சிரித்த பெஞ்சு முழுக்க ஓட்டு. மறு வருஷம் உத்தரவு வந்தது.

தட்சிணாமூர்த்தியின் பேனாவால் மலர்க்கொடி முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள்: 2008 ஜூலை 14, திங்கட்கிழமை.