கறுப்புக் காகிதம் கத்திய மாலை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திருப்பதி ஆய்வகம் ஒன்றில், கண்ணுக்குத் தெரியாத கார்பன் நானோகுழாய்களை வலையாக இணைப்பது என் வேலை. பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆய்வில் ஒன்றும் கைகூடாமல் வெறுங்கையோடு போக மனமில்லாமல் நான் மட்டும் இருந்தேன்.

குழாய்கள் கட்டியாகாமலிருக்கச் சோப்புத் தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, கறுப்புக் காகிதம்போல் எடுப்பேன். உள்ளே அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் கிடக்கும். ஆனால் மேலே ஒட்டிய சோப்பு மின்சாரத்தைக் கடக்க விடாது. அன்று சோப்பு போகக் காகிதத்தை அமிலத்தில் ஊறவைத்துப் பொறுமையாக அலசி உலர்த்தினேன். மாலையில் மீட்டரின் முனைகளை வைத்ததும் ‘பீப்’ என்றது. மாதக்கணக்கில் காத்திருந்த சத்தம். திரும்பிப் பார்த்தேன். சொல்ல ஒருவருமில்லை.

சித்தூர் பக்கத்து ஊரிலிருந்த அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“நைனா, கரண்ட் பாஞ்சிடிச்சி!”

“ஐயோ! எங்க அடிச்சிச்சிம்மா? கை காலு நல்லாகீதா?”

“எம்மேல இல்ல நைனா, நான் செஞ்ச காகிதத்துல. பாஞ்சா மீட்டரு கத்தும்.”

“அப்ப போனை அதாண்ட வை, கேக்கறேன்.”

வைத்தேன். பீப்.

“ஏய், டிவிய நிறுத்துங்க! பாப்பா செஞ்ச காகிதம் கத்துது!” என்று அவர் வீட்டையே கூப்பிட்டார். “கண்ணு, இன்னொரு தபா.”

ஒவ்வொருவர் காதுக்கும் அது கத்தியது.

என் வேலை அவர்களுக்குப் புரியாது என்று அதுவரை நானாகவே நினைத்திருந்தேன். போனை வைத்தபின், எனக்காக மட்டும் ஒருமுறை முனைகளை வைத்தேன். அதே பீப்தான். தனியாகக் கேட்டபோது ஏனோ சின்னதாக இருந்தது.