பார்த்தபோது மட்டும் நின்றுபோன கணினி

சென்ற வருட மழைக்காலத்தில், பிரசவ விடுப்பு முடிந்து மைசூர் ஹெப்பாளில் வேலைக்குத் திரும்பியிருந்த சமயம் நடந்தது இது. கணவருக்கு மஸ்கட்டில் வேலை. என் குழுவினர் எல்லோரும் பெங்களூரில். இங்கே நான் ஒருத்திதான். மகளை அலுவலகத்தின் பின்தெருவில் ஒரு காப்பகத்தில் விட்டிருந்தேன். அங்கே எப்போது போன் செய்தாலும் அவள் அழும் சத்தம் கேட்கும். "ஒண்ணுமில்ல மேடம், இப்பதான்" என்பார் பார்த்துக்கொள்ளும் அக்கா. நாளெல்லாம் அழுகிறாள், என்னிடம் மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன். அதனால் இன்னும் அடிக்கடி போன் செய்தேன். வேலையை விட்டுவிடலாமா என்று தினமும் தோன்றும்.

என் வேலை கெர்னலில், அதாவது கணினியை இயக்கும் மென்பொருளின் உள்மையத்தில். ஒரே தகவலை இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் மாற்றிவிடாமல் இருக்க அதற்கு 'லாக்' போடுவோம். லாக்கை வைத்திருக்கும் நிரல் விடும்வரை மற்றது காத்திருக்கும். அப்படி ஒன்றை நான் மாற்றி எழுதியிருந்தேன். சரிதானா என்ற பயத்தில், நிரலின் ஒவ்வொரு சிறு பகுதியும், அதாவது ஃபங்ஷனும், எப்போது ஓடுகிறது என்று பதிவு செய்யும் டிரேசிங்கைப் போட்டேன். கணினி அப்படியே உறைந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு முறையும் உறைந்தது. டிரேசிங் இல்லாதபோது ஓடியது; ஆனால் என் மாற்றத்தில் மறைந்திருக்கும் பிழையைத்தான் அது காட்டுகிறது என்று நினைத்தேன்.

குழுத் தலைவரிடம் போனில் நானே சொன்னேன். "பயமா இருந்தா நீ மாத்துனத சாயங்காலத்துக்குள்ள எடுத்துடும்மா. கைக்குழந்தைய வெச்சிக்கிட்டு உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி? ஈசியா வேற தர்றேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். இதுவும் போனால் ராஜினாமா என்று முடிவு செய்துகொண்டேன்.

எடுப்பதற்கு முன், லாக்குகளைச் சரிபார்க்கும் கருவியை ஒரு தடவை ஓடவிட்டேன். வேகம் குறையும் என்று அதுவரை அதை அணைத்தே வைத்திருந்தேன். ஒரு நிரல் எந்த லாக்குக்காகக் காத்திருக்கிறதோ, அது ஏற்கனவே அந்த நிரலிடமே இருக்கிறது என்று கருவி காட்டியது. டிரேசிங்குக்காக நான் எழுதிய ஃபங்ஷன்தான் காரணம். குறிப்பெடுக்க அதுவும் அதே லாக்கைக் கேட்டிருக்கிறது. விடுவதற்கு வேறு யாரும் இல்லை. நான் மாற்றியதில் பிழையே இல்லை, கண்காணித்ததில்தான் பிழை.

லாக்கைக் கேட்ட அந்த வரிகளை நீக்கினேன். டிரேசிங்கோடு சேர்ந்தே ஓடியது. சந்தோஷத்தைச் சொல்லத் திரும்பினால் பக்கத்தில் காலி நாற்காலிகள். வழக்கம்போலக் காப்பகத்தைக் கூப்பிட போனை எடுத்தேன். கை நின்றுவிட்டது. இந்த போனை எடுக்க அந்த அக்கா என்ன செய்வார்?

கூப்பிடாமல் நேரே நடந்தேன். மகள் அவர் இடுப்பில் உட்கார்ந்து, கம்மலை இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மேடம், இன்னிக்கி மத்தியானத்துல இருந்து போனையே காணோம்?" என்றார் தமிழ் பேசும் எல்லைப்புற ராமாபுரத்துக்காரரான அந்த அக்கா. "போனு அந்தக் கோடியில சார்ஜுல கெடக்குது. நீங்க கூப்புட்டா இவள எறக்கி உட்டுட்டுத்தான ஓடோணும்? கீழ உட்டாப் போதும், ஊரையே கூட்டிப்போடுவா!"

மகள் என்னைக் கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். நிம்மதியாக இருந்தது; கொஞ்சம் தனிமையாகவும் இருந்தது.

வேலையை விடவில்லை. இன்றும் போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம், என் பயம் தீர எங்கோ யாரோ ஒரு குழந்தையைக் கீழே இறக்கிவிட வேண்டியிருக்குமே என்ற நினைப்பு வந்துவிடுகிறது.