வெளித்துறையில் ஒரு கால்பந்து சீசன்

எங்கள் கப்பலைத் தூத்துக்குடி வெளித்துறையில் நங்கூரம் போட்டு நிறுத்தியபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் வீடு புன்னைக்காயலில். கப்பலின் மேல்தளத்தில் நின்றால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அதற்குத் தெற்கே கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், எங்கள் ஊர்க் கரையும் ஒரு மங்கல் கோடாகத் தெரியும். சரக்கு இறங்கிவிட்டது, என் ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. பெட்டியைக் கட்டிக் கட்டிலடியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் ஒரு படகில் கோர்ட்டு ஆட்கள் வந்து, உத்தரவு ஒன்றைக் கப்பலை ஓட்டும் அறையின் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனார்கள். முதலாளிக்கும் எண்ணெய் கொடுத்த கம்பெனிக்கும் ஏதோ வழக்கு. தீர்ப்பு வரும்வரை கப்பல் நகரக் கூடாது. முதலாளி அதன்பிறகு யார் போனையும் எடுக்கவில்லை. நிற்கிற கப்பலானாலும் அதில் இத்தனை பேர் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நான் இன்ஜின் ரூமில் மோட்டார்மேன். ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"உனக்குப் பதில் ஒருவன் ஏறினால் நீ தாராளமாக இறங்கலாம்" என்றார் கேப்டன்.

வழக்கில் கிடக்கும் கப்பலில் தெரிந்தே எவன் ஏறுவான்? கட்டிய பெட்டியை நான் பிரிக்கவில்லை. உள்ளேயிருந்து ஒவ்வொரு சட்டையாக உருவி உடுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் ஊரிலிருந்து என் பள்ளிக்கூடத்துச் சேக்காளியின் குரல் வந்தது. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்டு ஆபீசில் கிளார்க்காக இருக்கிறான். வாட்சப்பில் பேசி அனுப்பியிருந்தான்.

"ஏலே, சீசன் தொடங்கப் போவுது. இந்த வருசம் ஆரெல்லாம்னு சொல்லு மக்கா. ஒனக்குத்தான் இப்ப வேல ஒண்ணும் இல்லையே."

எங்கள் கூட்டாளிகளுக்குள் இது பல வருடப் பழக்கம். ஐரோப்பியக் கால்பந்து சீசன் தொடங்குமுன், இதுவரை யாரும் பேசாத, அந்த வருடம் பெயர் எடுக்கப்போகிற ஐந்து ஆட்டக்காரர்களை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பெரிய பெயர்களைச் சொல்லக் கூடாது. குழுவில் ஒருவனுக்காவது அந்தப் பெயர் தெரிந்திருந்தால் செல்லாது. சில வருடங்களுக்கு முன் இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனில் ஆடிய ஒரு தடுப்பாட்டக்காரனை நான் சொன்னேன். அடுத்த வருடமே அவனைப் பெரிய கிளப் ஒன்று எடுத்துக்கொண்டது. அதிலிருந்து ஊரில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு. அதில் பாதி அதிர்ஷ்டம் என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

வேலை இல்லை என்று அவன் சொன்னது உண்மைதான். டீசலை மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம்தான் ஓட்டினோம். அது நின்றதும் கேபினுக்குள் மூச்சு முட்டும். குடிதண்ணீரை அளந்துதான் ஊற்றினார்கள். கச்சான் என்று எங்கள் ஊரில் சொல்லும் மேல்காற்று நாள் முழுக்க அடித்தது. காற்றும் நீரோட்டமும் மாறி மாறி இழுக்க, நங்கூரச் சங்கிலியைச் சுற்றிக் கப்பல் திரும்பிக்கொண்டே இருக்கும். காலையில் என் ஜன்னலுக்கு நேரே கரை தெரியும். மத்தியானம் அதே ஜன்னலில் வெறும் கடல். சிக்னலும் அப்படித்தான். காற்று எந்தப் பக்கம் திருப்புகிறதோ அதற்குத் தக்கபடி போனைக் கையில் பிடித்துக்கொண்டு முன்பக்கமும் பின்பக்கமுமாக நடப்பேன்.

அந்த நடையில்தான் ஆட்டங்களைப் பார்த்தேன். சீசனுக்கு முன் சின்ன கிளப்புகள் ஆடும் பயிற்சி ஆட்டங்களை யாராவது போனில் படம்பிடித்து இணையத்தில் போட்டிருப்பார்கள். படம் நின்று நின்று ஓடும். கோல் அடிக்கிறவனை நான் அதிகம் கவனிக்க மாட்டேன். பந்து காலில் இல்லாதபோது ஒருவன் எங்கே நிற்கிறான், பந்தைப் பறிகொடுத்ததும் எத்தனை சீக்கிரம் திரும்புகிறான் என்றுதான் பார்ப்பேன். பார்த்துக்கொண்டிருக்கும்வரை கப்பல் மறந்துபோகும். முடிந்ததும் நிமிர்ந்தால் அதே புகைபோக்கி, அதே தண்ணீர்.

என்னோடு உட்கார்ந்து பார்க்க ஒருவர் உண்டு. டெக்கில் வேலை செய்த, ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்காரர். ஐம்பது வயதைத் தாண்டிய பெரிய உடம்புக்காரர். இரண்டு பேரும் கப்பல் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம். அவருடைய தங்கை மகன் பெல்ஜியத்தில் ஒரு இரண்டாம் டிவிஷன் கிளப்பில் இடதுபக்கம் ஆடுகிறவன். தகப்பன் இல்லாத பிள்ளை. கப்பல் சம்பளத்தில் இவர்தான் வளர்த்தார். போன வருடம் அவனுக்கு முழங்காலில் அடி. பாதி சீசன் ஆடவில்லை.

ஒரு சாயங்காலம் அவனுடைய பயிற்சி ஆட்டத்தை எனக்குப் போட்டுக் காட்டினார்.

"பார், எப்படி ஓடுகிறான்! கால் சரியாகிவிட்டது."

பார்த்தேன். ஓட்டம் இருந்தது. ஆனால் திரும்ப வேண்டிய இடத்தில் அந்தக் காலை ஊன்றுமுன் ஒரு கணம் யோசித்தான். பழைய படங்களில் அந்த யோசனை இல்லை. தவிர அதே இடத்துக்கு அந்த கிளப் புதிதாக ஒருவனையும் வாங்கியிருந்தது.

"உன் ஐந்து பேரில் இவன் உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை."

"உங்கள் ஊரில் இவனை யாருக்கும் தெரியாது. உன் விதிப்படி சரிதானே?"

"தெரியாது, சரி. ஆனால் இந்த வருடம் இவனை ஆடவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை."

"தோன்றாவிட்டால் என்ன? சொல்லிவிட்டுப் போயேன். உனக்கு என்ன குறைந்துவிடும்?"

"அப்படிச் சொல்ல எனக்கு வராது" என்றேன்.

போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதன்பின் நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் சாப்பிட வருவார். ஊரில் ஒருவரோடு பேச்சு இல்லையென்றால் வேறு தெருவில் போகலாம். கப்பலில் எங்கே போவது? ஒரே படிக்கட்டில் தினமும் தோள் உரச ஏறி இறங்கினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் மச்சான் தன் ஃபைபர் படகில் என் மனைவியை ஏற்றிக்கொண்டு வந்தான். சேக்காளியும் கூட வந்திருந்தான். அப்படி வருவதற்கு அனுமதி கிடையாது. கேப்டன் பார்க்காதது போல உள்ளே போய்விட்டார். சரக்கு இல்லாத கப்பல் தண்ணீருக்கு மேல் வெகு உயரமாக நின்றது. அவள் முகம் அண்ணாந்து பார்க்கிற ஒரு சின்ன வட்டமாகத் தெரிந்தது. நான் பெயின்ட் வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். கணவாய் மீன் குழம்பு இருந்த தூக்குவாளியை அதில் வைத்தாள்.

"எளச்சிட்டிய. ஒழுங்கா சாப்பிடுதியளா?" காற்றுக்கு மேலே கத்தினாள்.

"சாப்பிடுதேன்!"

சேக்காளி கையை வாயருகே குவித்துக்கொண்டு கூவினான். "ஏலே, அஞ்சு பேர எப்பல சொல்லுவ? எல்லாரும் காத்துக் கெடக்கானுவ!"

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க சும்மா இருங்க." பிறகு என்னைப் பார்த்து, "எந்த நாட்டுக்காரனோ என்னைக்கு வெளையாடுவாம்னு ஒங்களுக்குத் தெரியுது. நீங்க என்னைக்கு வாரியன்னு மட்டும் தெரியாதோ?"

"அடுத்த மாசம் வந்துருவேன்."

"போன மாசமும் இதையேதான் சொன்னிய."

நல்லவேளையாக, தூரத்தில் கடலோரக் காவல் படகு தெரிந்ததும் மச்சான் இன்ஜினைத் தட்டிவிட்டான். படகு தூக்கிப் போட்டது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் அவளால் கையசைக்க முடியவில்லை. நான்தான் அசைத்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாளா என்று அந்த வெயிலில் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே ஐந்து பேரைச் சொல்லி அனுப்பினேன். சேக்காளி உடனே கேட்டான்: "என்னல, அஞ்சும் பெஞ்சுல இருக்கவனா பாத்துப் பொறுக்கியிருக்க?"

அவன் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஒருவன் இரண்டாம் கோல்கீப்பர். ஒருவனைக் கிளப் ஆடவும் விடவில்லை, விற்கவும் இல்லை. இன்னொருவன் தன் அணியின் கேப்டன் ஆடும் இடத்திலேயே ஆடுகிறவன் என்பதால் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தான். மற்ற இரண்டு பேரும் ஏறக்குறைய அப்படித்தான். ஒவ்வொருவனுக்கும் ஆட்டத்தைப் பார்த்துத்தான் காரணம் வைத்திருந்தேன். இருந்தாலும் அவன் கேட்டது என்னை என்னவோ செய்தது.

சீசன் தொடங்கியது. நாலு பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். முதல் கோல்கீப்பருக்கு விரல் முறிந்ததால் என் ஆளுக்கு வாய்ப்பு வந்தது. முதல் ஆட்டத்தில் நாலு கோல் விட்டான். அடுத்த ஆட்டங்களில் சுவர் மாதிரி நின்றான். குழுவில் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். நான் அதையெல்லாம் வாசித்துவிட்டு ஜெனரேட்டருக்கு எண்ணெய் பார்க்கப் போனேன்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் கானாக்காரர் தாமாகவே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ சொன்னதுதான் நடந்தது. கிளப் அவனை விட்டுவிட்டது."

என் கணிப்பு பொய்யாகியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

"வேறு கிளப் பார்க்கிறானா?" என்று கேட்டேன்.

"ஊருக்குப் போய்விட்டான்." போனை நீட்டினார். தாயின் வீட்டில், சட்டை இல்லாமல், ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பையன் சிரித்துக்கொண்டிருந்தான். "பார். வேலை போனவன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். வேலை இருக்கிற நாம் இங்கே நிற்கிறோம்."

சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு சத்தமாக மாறியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அவர் முதுகில் கை வைத்தபடி நானும் நின்றேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அன்று இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடப் போனோம்.

கோர்ட்டு கப்பலை ஏலம் விட்டது. வாங்கியவர்களின் ஆட்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஏறினார்கள், நாங்கள் இறங்கினோம். கானாக்காரரை வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு நேரம் சோறு போட வேண்டும் என்று நினைத்திருந்தேன். துறைமுகத்திலிருந்தே அவரை வேனில் ஏற்றி விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கட்டிப்பிடித்துக்கொள்ள மட்டும் நேரம் கிடைத்தது.

கொஞ்ச நாள் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கப்பல் இன்ஜின்தான். வேறு கப்பலுக்கு ஆள் கேட்டபோது சரி என்று சொல்லிவிட்டேன். முதலாளி யார், கப்பல் மேல் வழக்கு எதுவும் உண்டா என்று நன்றாக விசாரித்துவிட்டு ஏறச் சொன்னாள் மனைவி. விசாரித்தேன். நல்ல கம்பெனி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போன கப்பலுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.