வார்னிஷ் பூசிய படம்

என் அக்கா புருஷன் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். ஓவியக்கூடத்தில் ஒவ்வொரு கண்காட்சியும் முடிந்து படங்களைக் கழற்றியதும், ஆணி ஓட்டைகளைப் பட்டி பார்த்து அடைத்து, வெள்ளை அடித்துக் கொடுப்பது அவர் வேலை. விளக்கு மாட்டுவது என் வேலை. இருபது வருஷமாக அந்தச் சுவர்களைத் தடவிய மனுஷர், அவற்றில் தொங்கியதை ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை. நானும்தான். எங்களுக்கு அது பிழைப்பு, அவ்வளவுதான்.

ஒரு தடவை எல்லாப் படமும் போன பிறகு ஒன்று மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்காலி முதுகில் ஒரு சட்டை. வேறொன்றும் கிடையாது. வரைந்த அம்மாள் அதைக் கழற்ற வந்தபோது, பட்டித் தகடும் கையுமாக நின்ற மாமா வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

"இதை யாரும் எடுத்துக்கலையாம்மா?"

"யாருக்கும் பிடிக்கலை போல."

"எனக்குப் பிடிச்சிருக்கு."

சொன்னபிறகு அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தன் அறைக்கு வெள்ளையடித்துக் கொடுத்தால் போதும் என்றார். இரண்டு நாள் வேலை. முடித்துவிட்டு, படத்தைப் பழைய போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார் மாமா.

அக்கா பிடி பிடியென்று பிடித்தாள். "ஒழுகுற கூரையைப் பாக்க நேரமில்ல, படம் வேணுமாக்கும் படம்!"

அந்தப் பேச்சுதான் வினையானது. ஈரத்தில் படம் கெட்டுவிடுமோ என்று மாமாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கதவுக்கு என்ன செய்வாரோ அதையே செய்தார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தன்னிடம் இருந்ததிலேயே நல்ல பிரஷ்ஷை எடுத்து, வார்னிஷ் பூசினார். காகிதத்தில் நீர்வண்ணத்தால் வரைந்த படம் அது. மறுநாள் காலையில் சட்டையும் நாற்காலியும் பழுப்பேறி, பலகாரம் மடித்த எண்ணெய்க் காகிதம் மாதிரிக் கிடந்தன. மாமா அன்று வேலைக்குப் போகவில்லை.

அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில், யாரும் சீந்தாத படங்களாகப் பார்த்து இன்னும் மூன்று வாங்கினார். தூசி துடைக்கக்கூட வரைந்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் துணியைத் தொடுவார். மூன்றும் முன்னறையில் தொங்கின. முதல் படம் மட்டும் பீரோவுக்குப் பின்னால், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தது.

அந்த அம்மாள் இறந்துபோனார். சில மாதம் கழித்து அவர் மகள் மாமா வீட்டுக்கு வந்தாள். அன்று நான் அங்கே மின்விசிறி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா நோட்டுல எழுதி வச்சிருக்காங்க, சட்டைப் படம் உங்ககிட்ட இருக்குன்னு. நினைவுக் கண்காட்சிக்கு இரவல் வேணும். அந்தப் படத்தோட ஒரு போட்டோகூட எங்ககிட்ட இல்ல."

நான் மாமாவைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். உண்மை தெரிந்தால் ஓவியக்கூடத்து வேலையும் போய்விடுமே என்று எனக்குக் கவலை.

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்க மாமா. யாருக்குத் தெரியப்போகுது?"

"தொலையலையேடா. நான்தானே கெடுத்தேன்."

பீரோவை நகர்த்திப் படத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார். "ஈரம் படக் கூடாதுன்னு வார்னிஷ் பூசினேன்மா. ஆசைப்பட்டு வாங்கி, நானே பாழாக்கிட்டேன்."

அவள் பழுப்பேறிய சட்டையை விரலால் தடவினாள். "இது எங்கப்பா சட்டை. எனக்கு ரெண்டு வயசுலயே போயிட்டாரு," என்றாள். "இது என்ன கலர்ல இருந்துச்சு?"

மாமா வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் திறந்தார். நீலம் நாலு சொட்டு, கறுப்பு ஒன்று. கலக்கிப் பார்த்துத் தலையாட்டினார். குச்சி நுனியால் துளி சிவப்பு தொட்டு வைத்தார். ஓர் அட்டையில் பூசி ஜன்னலோரம் வைத்தார். காய்ந்தால்தான் கலர் தெரியும் என்பார். மூன்று பேரும் அதுவரை உட்கார்ந்திருந்தோம். பல தடவை துவைத்து வெளுத்த நீலம்.

"இதுதான்மா. காலர்கிட்ட மட்டும் இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கும்."

அட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, சொல்வதற்கென்ன.

எங்கள் ஓவியக்கூடத்தில் நடந்த அந்தக் கண்காட்சியில் படமும் அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. கீழே மாமாவின் பெயரைப் போட்டு, அவர் சேகரிப்பிலிருந்து என்று எழுதியிருந்தார்கள். நான் அங்கே ஒரு விளக்கு கூடுதலாக மாட்டினேன். எல்லாம் முடிந்ததும் அந்தப் பெண் படத்தை மாமாவிடமே கொடுத்துவிட்டு, அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் சுவர் வேலை. மாமா ஓட்டைகளை வரிசையாக அடைத்துக்கொண்டே வந்தவர், சட்டைப் படம் தொங்கிய இடத்தில் நின்றார். பட்டித் தகட்டை என் கையில் கொடுத்தார்.

"இதை மட்டும் நீ அடைச்சிடு மாப்ளே. எனக்கு மனசு வரல."