லாபிர் நானா பார்த்த துண்டு

கல்லில் பொன்னை உரசும்போது லாபிர் நானாவின் வாய் சும்மா இருப்பதில்லை. “அசலா இருந்தா என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்டுவிடுவார். வந்தவருக்கு நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கும். இவருக்கோ பதில் வந்தாக வேண்டும்.

கண்டி நகரில், கொழும்பு வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால், ஊரே அண்ணன் முறைக்கு ‘நானா’ என்று கூப்பிடுகிற அவருடைய அறை. ஒரு மேசை, சில கதிரைகள், உரைகல், எசிட் போத்தல், தராசு, ஒரு கிளாஸ் தண்ணீர். நகைக்கடைக்காரர்களுக்குச் சந்தேகம் வந்தால் ஆட்களை இங்கேதான் அனுப்புவார்கள். நகையைக் கல்லில் உரசி, விழுந்த கோட்டின் மேல் ஒரு சொட்டு எசிட் விடுவார். கோடு கரையாமல் நின்றால் பொன். கட்டியாக வந்தால் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுப்பார். பித்தளை எவ்வளவு மினுக்கிக்கொண்டு வந்தாலும் அந்தக் கிளாஸ் தண்ணீரிடம் அதன் ஜம்பம் பலிக்காது.

கேட்ட கனவை அங்கேயே விட்டுவிட்டுப் போகிற மனிதரும் இல்லை. பின்னேரம் அறையைப் பூட்டிவிட்டு வாவியைச் சுற்றி நடப்பார். கடுகண்ணாவைக்காரர் ஒருவர் ஆட்டோ வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தால், வாவிக்கரை முழுக்க அந்த ஆட்டோவை இவர் ஓட்டிப் பார்ப்பார். சீட்டுக்குச் சிவப்பு உறையும் போடுவார். கலகெதரப் பெண் ஒருத்தி மகளின் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால், யாரை எந்தப் பந்தியில் உட்காரவைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வார். அவள் கொண்டுவந்த வளையல் வெறும் முலாம் என்று காலையில் சொன்னதே இவர்தான். அது அந்த நேரத்தில் நினைவில் இராது. வீட்டுக்குப் போனால் மனைவி கைரியா, “இண்டைக்கு யாருட ஊட்டுல இரிக்கீங்க?” என்று கேட்டுக்கொண்டே சோற்றை வைப்பாள்.

இப்படி மிதந்து திரிகிறவர் ஒரு விஷயத்தில் மட்டும் கறார். கட்டியிலிருந்து வெட்டிய துண்டை யாராவது தனியே கொண்டுவந்தால், முடிவைச் சொன்ன கையோடு, “நான் பாத்தது துண்ட. கட்டிய இல்ல” என்று சொல்லிவிடுவார். புதையல் தங்கம் என்று பித்தளைக் கட்டி விற்கிறவர்கள் ஒரு மூலையில் மட்டும் நல்ல பொன்னை ஒட்டிவைத்திருப்பார்கள். வாங்க வந்தவரின் கண்ணெதிரே அந்த மூலையை வெட்டிக் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் காட்டிப் பாருங்கள் என்பார்கள்.

மாநகர சபையில் குழாய் திருத்துகிற தனபாலன், மனைவி பாலாம்பிகையோடு அப்படி ஒரு துண்டைக் கொண்டுவந்தான். பல்லேகலப் பக்கம் அத்திவாரம் தோண்டிய இடத்தில் கட்டி கிடைத்ததாக விற்கிறவன் சொன்னானாம். லாபிர் வழக்கம்போலக் கேட்டார். பதில் சொன்னது பாலாம்பிகைதான்.

“இவரு ஊர்ல உள்ள பைப்பெல்லாம் திருத்துறாரு. எங்க லைன் வீடுங்க எல்லாத்துக்குமே ஒரு பைப்புதான் நானா. எனக்கு வீட்டுக்குள்ள ஒண்ணு வேணும். நானே தொறந்துவிட்டு, தண்ணி விழுற சத்தத்தக் கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு நிக்கணும்.”

லாபிர் அதிலேயே சொக்கிப்போனார். கோடு கரையவில்லை. “அசல்” என்றார். அவர்கள் படியிறங்கிப் போகையில், இவர் அந்த இல்லாத வீட்டின் சமையலறைக்குள் நின்று, குழாயை எந்தச் சுவரில் வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதும் தெரியவில்லை.

அடுத்த கிழமை கட்டியோடு வந்தார்கள், விற்பதற்கு நல்ல கடை கேட்டு. விரல் நீளக் கட்டி. பாலாம்பிகையின் கழுத்தில் போன கிழமை கிடந்த பொன் தாலிக்கொடி இல்லை. தாலி மஞ்சள் கயிற்றில் கிடந்தது. கட்டியைக் கையில் தூக்கியதுமே லாபிருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தண்ணீரில் தொங்கவிட்டார். பார்த்துவிட்டு மறுபடியும் தொங்கவிட்டார், தராசுக்காவது மனம் இரங்காதா என்று.

“பித்தளை தம்பி.”

“நீங்கதானே நானா அசல்னு சொன்னீங்க!”

“துண்டு அசல்தான். கட்டிய நான் பாக்கல்ல. அத அண்டைக்கே சொல்லி இரிக்கணும். சொல்லாம உட்டுட்டேன். என்ட பிழை.”

கீழே தெருவில் ஒலிபெருக்கி வைத்து லொத்தர்ச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். தனபாலன் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றினான்.

“வித்தவனோட போன் வேலை செய்யல. சரி, அசல் துண்டு நம்மகிட்டத்தானே இருக்கு. அதையே காட்டி நாமளும் யாருக்காவது தள்ளிருவோம். நீங்க பொய் சொல்ல வேணாம் நானா. அன்னைக்குச் சொன்ன மாதிரி, துண்டு அசல்னு மட்டும் சொன்னாப் போதும்.”

தன்னால் போன கொடி இந்தப் பெண்ணின் கழுத்துக்குத் திரும்பிவர இப்படியும் ஒரு வழி இருக்கிறதே என்று ஒரு கணம் லாபிருக்கு ஆசைகூட வந்தது. அந்த ஆசையை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

பாலாம்பிகை கைக்குட்டையிலிருந்து கட்டியை உருவி மேசையில் வைத்தாள்.

“அந்தத் துண்டக் காட்ட வர்றவகிட்டயும் என்ன செய்யப் போறேன்னு கேப்பீங்கதானே நானா?”

“கேப்பேன் தங்கச்சி.”

“அவளும் ஏதாச்சும் சொல்லுவா. அறுத்துருங்க. யாருக்கும் தள்ள முடியாதபடி ரெண்டா அறுத்துருங்க.”

“உனக்கென்ன பைத்தியமா? கொடி வேணாமா?” என்றான் தனபாலன்.

“வேணும். இப்படி வேணாம்.”

லாபிர் மேசை லாச்சியை இழுத்து, இரும்பறுக்கிற வாளை எடுத்துக் கட்டியின் நடுவில் வைத்தார். ஒற்றைக் கையால் பிடித்த கட்டி நகர்ந்துகொண்டே இருந்தது. வாள் பிடிக்காமல் வழுக்கி வழுக்கிப் போயிற்று. பாலாம்பிகை கையை நீட்டி வாளை வாங்கிக்கொண்டாள். லாபிர் எழுந்து மேசையைச் சுற்றி அவள் பக்கம் வந்தார். கட்டியை விளிம்போடு சேர்த்து வைத்து, வாளுக்கு இந்தப் பக்கம் ஒரு கையும் அந்தப் பக்கம் ஒரு கையுமாக, அவளுக்காக அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.